போக்கரில் ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டாக) ஜாக்கி விழுந்தால் பந்தயம் கட்டலாமா?

நான்காம் இருக்கை: "ரிவரில் ஜாக்கி விழுந்ததும் செக் செய்வதே (பந்தயம் கட்டாமல் விடுவதே) விவேகம்" என்று நேற்று ஒருவர் இங்கே தீர்ப்புச் சொல்லியிருப்பதைப் படித்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். ஆறு பேர் மேசை, 20-40 லிமிட் (முதல் இரு சுற்றுகளில் 20, பிறகு 40 டாலர் எனப் பந்தயம் வரம்பிட்ட ஆட்டம்). பட்டனில் (கடைசியாக ஆடும் இடத்தில்) இருந்தவர் கையில் ஆசு, எட்டுடன் ரேஸ் செய்ய (பந்தயத்தை உயர்த்த), பிக் பிளைண்ட் (பெரிய கட்டாயத் தொகையை முன்கூட்டியே போட்டவர்) மட்டும் கால் செய்தார் (ஈடாகப் பணம் போட்டார்). ஃப்ளாப்பில் (தரையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில்) ராஜா, எட்டு, ஏழு, டர்னில் (நான்காம் சீட்டில்) மூன்று, இரண்டிலும் பட்டன் பந்தயம் கட்ட, எதிராளி கால் மட்டுமே செய்தார். நடுவில் சேர்ந்த பந்தயக் குவியலில் 210 டாலர் இருந்தபோது ரிவரில் ஜாக்கி விழுந்தது. எதிராளி செக் செய்ய, பட்டனும் செக் செய்துவிட்டார். 40 டாலர் கட்டியிருந்தால், 250 டாலரை வெல்ல எதிராளி 40 டாலர்தான் போட வேண்டும். ஏறத்தாழ 14 சதவீத வாய்ப்பே அவருக்குப் போதும் என்பதால் ஏழு ஒன்றையோ சிறு ஜோடியையோ வைத்திருப்பவர்கூடச் சீட்டைக் கீழே போடமாட்டார்.

கரைகாத்தான்: எழுதியவன் நான்தான், ஐயா. எதிராளி கையில் பத்தும் ஒன்பதும் 16 வகைகளில் (நான்கு பத்து, நான்கு ஒன்பது) அமையும். ஜாக்கி விழுந்ததும் அத்தனையும் ஸ்ட்ரெயிட் (ஏழு முதல் ஜாக்கி வரை தொடர்ச்சி), நம் எட்டு ஜோடியை வெல்லும். எட்டும் ஒன்பதும் சேர்வது 8 வகைகளில்தான், ஏனெனில் ஓர் எட்டு பட்டனில் இருக்கும் நம் கையிலும் இன்னொன்று தரையிலும் கிடக்கின்றன. எண்ணத் தெரியாதவர்கள் விவேகத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான்காம் இருக்கை: எண்ணத் தொடங்கியவர் பாதியில் ஏன் நிறுத்தினீர்கள்? ஆசு, ஏழு 9 வகை. ஆறு, ஐந்து, நான்கு ஆகியவற்றின் ஜோடிகள் தலா 6 வகை. உங்கள் 8 வகையையும் சேர்த்தால் நம்மிடம் தோற்பவை 35. மேலும், ஸ்ட்ரெயிட் அடித்தவர் நாம் செக் செய்துவிட்டால் பணம் போய்விடுமே என்று தாமே பந்தயம் கட்டுவார். அவர் செக் செய்த பிறகும் அந்த 16 வகையையும் முழுதாக அவர் கையில் திணிப்பது நியாயமில்லை.

கரைகாத்தான்: செக் செய்து ரேஸ் செய்பவரைப் பார்த்ததே இல்லையா? அப்போது போவது 40 அல்ல, 80. ஜாக்கி, பத்தையும் ஜாக்கி, ஒன்பதையும் நீங்கள் சொல்லவே இல்லை. அவையும் நம்மை வெல்பவை, தலா 12 வகை.

வடக்குவாசல்: அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட செஃபியஸ் நிரல் லிமிட் ஆட்டத்தை ஏறக்குறைய முழுதாகவே தீர்த்துவிட்டதே. அதைக் கேட்டால் முடிந்தது.

நான்காம் இருக்கை: அந்த நிரல் தீர்த்தது இருவர் ஆட்டத்தை. அங்கே பட்டனில் இருப்பவரே ஸ்மால் பிளைண்ட் (சிறிய கட்டாயத் தொகையைப் போடுபவர்). இங்கே மூன்றாமவர் போட்டுவிட்டுப் போன 10 டாலர் பந்தயக் குவியலில் கிடக்கிறது. பட்டன் எந்தச் சீட்டுகளுடன் ரேஸ் செய்வார் என்பதும் வேறு. சென்ற மாதம் பிக் பிளைண்ட் விவாதத்திலும் இதே பெயரைச் சொல்லிவிட்டு, இதே கேள்வியைக் கேட்டதும் காணாமல் போனீர்கள்.

வடக்குவாசல்: காணாமல் போகவில்லை, உங்கள் பேச்சின் தொனி பிடிக்காமல் விலகினேன்.

நான்காம் இருக்கை: தொனியை விடுங்கள். கரைகாத்தான், 80 டாலர் போகும் என்று அஞ்சுகிறீர்களே, பத்து முறை கால் செய்யப்பட்டு ஆறு முறை வென்று நான்கு முறை தோற்றால், அந்த நான்கில் ஒருமுறை ரேஸுக்கும் கால் செய்தால்கூட 40 டாலர் மிச்சம் நிற்கிறது.

கரைகாத்தான்: அந்த ஆறு எங்கிருந்து வந்தது? 16 வகை ஸ்ட்ரெயிட்டை ஒதுக்கிவிட்டுச் சொல்லும் ஆறு அது. நான் செக்தான் செய்வேன்.

நான்காம் இருக்கை: செய்யுங்கள். ஆனால் அதற்கு விவேகம் என்று பெயர் வைக்காதீர்கள். அவர் செக் செய்த பிறகு அந்த 16இல் எத்தனை மிஞ்சும் என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.