பத்து நாளில் ஒரு இணையவழிப் பாடம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:

இணையவழிப் பயிற்சிப் பாடம் தயாரிக்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அவசரமாகப் பாடம் செய்துகொடுக்க நேர்ந்த கதைகளைப் பகிர்ந்துகொள்ளலாமே. முதலில் என்னுடையது.

கப்பலூர்ப் பக்கம் ரப்பர்ப் பொருள் செய்யும் ஆலை ஒன்று. பெயர் வேண்டாம். தொழிலாளர்கள் கைப்பேசியிலேயே பார்க்கும்படி பாதுகாப்புப் பயிற்சி வேண்டும், பத்து நாளில் தணிக்கைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றார்கள். கையில் கொடுத்தது 142 ஸ்லைடு. நிறுவனத்தின் வரலாறு, நிறுவனர் படம், சட்டப் பிரிவுகள் எல்லாம் தாண்டி ஐம்பதுக்கு மேல்தான் இயந்திரமே தலைகாட்டுகிறது.

நான் தொழில் பழகியது சென்னையில். ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என்று ஐந்து படி ஏறினால்தான் அங்கே பாடம் வெளியே வரும். அந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஆடி’ என்பார்கள். 1975-இல் அமெரிக்கத் தரைப்படைக்காக புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்காத ஊரில் பிறந்தவன் நான். அந்த முறையில் இறங்கினால் ஆய்வு முடிவதற்குள் தணிக்கைக்காரர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அதனால் முதல் நாள் ஸ்லைடுகளை மூடி வைத்துவிட்டு ஆலைக்குப் போனேன். மிக்ஸிங் மில் என்பது எதிரெதிராக உள்நோக்கிச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள். நடுவில் ரப்பர் நசுங்கி ஏடாக வரும். கை போனால் அவ்வளவுதான். எட்டும் தூரத்தில் ஒரு கம்பி ஓடுகிறது. இழுத்தால் உருளை நிற்கும். சூப்பர்வைசர் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, உருளைக்குள் கையை விடக் கூடாது என்று தெரியாதவன் இங்கே ஒருவனும் கிடையாது. அதைச் சொல்ல 142 படமா?”

“பிறகு எப்படி அண்ணே அடிபடுகிறது?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “ஷிப்ட் முடிய இருபது நிமிஷம் இருக்கும். ரப்பர் ஒட்டிக்கொள்ளும். நிறுத்திவிட்டு எடுத்தால் அன்றைய கணக்கு குறையும். விரலால் தட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். அந்த நேரம்தான் தம்பி. அதிலும் கையுறை தொளதொளவென்று இருந்தால் முதலில் அதைத்தான் உருளை பிடிக்கும்.”

அந்த இருபது நிமிஷம்தான் பாடம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். மூன்று காட்சிகள். அவரையே நடிக்க வைத்து என் கைப்பேசியில் படம் எடுத்தேன். மறுநாள் மாலை, வடிவமைப்பு எதுவும் செய்யாமல், படங்களுக்கு அடியில் கேள்வியை மட்டும் தட்டச்சு செய்து கேன்டீனில் நாலு பேரிடம் கொடுத்தேன். “ரப்பர் ஒட்டிக்கொண்டது. கடிகாரத்தைப் பாருங்கள். என்ன செய்வீர்கள்?” தவறானதைத் தொட்டால் ‘தவறு’ என்று வராது, கையுறையின் நுனி உருளைக்குள் போகும் படம் வரும். ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆறாம் நாள் பாடம் முடிந்தது. ஓடும் நேரம் ஒன்பது நிமிஷம். நிறுவனர் படம் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கடைசித் திரையில் போட்டுவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

உசிலம்பட்டி டீச்சர்:

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. மொட்டை மாடியில் பலகையைச் சாய்த்து வைத்து, ஒளிச்சேர்க்கையை 38 நிமிஷம் ஒரே மூச்சில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெருமையாகக் கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு பையனின் அம்மா பேசினார். “டீச்சர், அவர் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்தால்தான் வீட்டில் போன் இருக்கும். மூன்று பிள்ளைகளுக்கும் அந்த ஒரு போன்தான். இவன் ஒருவனே முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் அழுகின்றன.” எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு நாலு நிமிஷத்தைத் தாண்டியதில்லை.

சின்னதாக்கியும் ஒரு குறை இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “நீங்கள் கேள்வி கேட்டுவிட்டு நீங்களே பதிலையும் சொல்லிவிடுகிறீர்கள் டீச்சர்” என்றாள். வகுப்பிலும் நான் அப்படித்தான் போலிருக்கிறது, இருபது வருஷமாக. பிறகுதான் எச்5பி என்ற இலவசக் கருவியைப் பிடித்துக்கொண்டேன். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று கேள்வி கேட்கும், தொட்டால்தான் நகரும். இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் வைத்தோம், பச்சையம் நீக்கி அயோடின் விடப் போகிறோம், மூடிய இடம் நீலக்கறுப்பாக மாறுமா மாறாதா? அங்கே நிறுத்திவிடுவேன். ஊகித்துவிட்டுப் பார்க்கிற பிள்ளை, தான் சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ளவாவது மிச்சத்தைப் பார்க்கிறது. ஒரு வீடியோவுக்குக் கேள்வி சேர்க்க எனக்கு இருபது நிமிஷம்தான் ஆனது.

நாலுமாசிவீதி:

நான் பின்கட்டு வேலைக்காரன். பாடத்தைக் கற்றல் மேலாண்மைத் தளத்தில் ஏற்றி ஓட வைப்பது என் பொறுப்பு. வேகமாகச் செய்த பாடங்கள் எங்கே இடறும் என்று கேட்டால் நான் ஒரு புத்தகமே எழுதலாம். இரண்டை மட்டும் சொல்கிறேன்.

மருத்துவமனை ஒன்றின் செவிலியர்களுக்குத் தொற்றுத் தடுப்புப் பாடம். அறுபது திரை, நிறைய கேள்வி. பாதியில் நிறுத்திவிட்டு வார்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் மறுபடி முதல் திரையில் நிற்கிறது. எல்லாருக்கும் இல்லை, பாதியைத் தாண்டியவர்களுக்கு மட்டும். மூன்று இரவு தேடினேன். பாடமும் தளமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஸ்கார்ம் என்றொரு பொது வடிவம் உண்டு. பாடத்தை வெளியிட்டது அதில் 2001-இல் வந்த 1.2 பதிப்பில். விட்ட இடத்தை நினைவில் வைக்க அதில் 4,096 எழுத்துக்குத்தான் இடம். கேள்விகள் கூடக் கூட அந்தக் குறிப்பு நீண்டு, வரம்பைத் தாண்டியதும் தளம் அதை ஏற்க மறுத்துவிட்டது. ஸ்கார்ம் 2004-இன் மூன்றாம் பதிப்பில் 64,000 எழுத்து வரை போகலாம். எங்கள் தளம் அதை ஏற்கும் என்பதால் வடிவத்தை மாற்றி, பாடத்தையும் மூன்றாக உடைத்தேன். முதல் நாளே பாதியில் மூடித் திறந்து பார்த்திருந்தால் மூன்று இரவும் தூங்கியிருப்பேன்.

இன்னொன்று தமிழ். ஆங்கிலத்தில் பாடத்தை முடித்துவிட்டு, கடைசி நாளில் தமிழை ஊற்றுவார்கள். ‘சமர்ப்பிக்கவும்’ என்ற சொல் எந்தப் பொத்தானுக்குள் அடங்கியிருக்கிறது? ‘சமர்ப்பி’யோடு நின்று, மிச்சம் திரைக்கு வெளியே தொங்கும். ‘அனுப்பு’ என்று போட்டால் தீர்ந்தது. ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும் பழைய எழுத்துருக் கோளாறு தனிக்கதை.

செல்லூர்க் குரல்:

பாடங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். வீட்டைச் சுற்றி விசைத்தறி. தறி ஓடாத நேரம் பார்த்து, பீரோவைத் திறந்து வைத்து, தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு பதிவு செய்வேன். சித்திரையில் அந்தப் போர்வைக்குள் உட்கார்ந்து பாருங்கள், வார்த்தையின் விலை தெரியும்.

அவசரப் பாடங்களில் எனக்கு வருகிற எழுத்து இப்படி இருக்கும்: “மேற்கூறிய வழிமுறைகளைப் பின்பற்றாதிருக்கும் பட்சத்தில்.” அதைப் படித்து முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கும். “இப்படிச் செய்யாவிட்டால்” என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால், மேலிடத்தில் ஒப்புதல் ஆகிவிட்டது என்பார்கள்.

அதைவிடக் கொடுமை, நான் படிக்கும் வாக்கியம் முழுவதையும் திரையிலும் எழுதி வைப்பது. கண் ஒரு வேகத்தில் ஓடும், காது ஒரு வேகத்தில் கேட்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழும். ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல சோதனைகள் நடத்திக் காட்டியிருக்கிறார்: படமும் குரலும் மட்டும் இருந்தால், அதோடு அதே வரிகளைத் திரையிலும் ஓடவிடுவதைவிட நன்றாக மனதில் நிற்கிறது. காது கேளாதவர்களுக்காகத் துணைவரி வேண்டும், அதை மறுக்கவில்லை. தேவையானவர் தொட்டால் வருகிற மாதிரி வைத்துவிடலாம். அந்த எழுத்தையெல்லாம் திரையில் அடுக்கும் வேலையும் மிச்சம்.

மேலூர்க்காரன்:

எல்லாரும் வேகமாக முடித்ததைச் சொல்கிறீர்கள். நான் வேகமாக முடித்து அவமானப்பட்டதைச் சொல்கிறேன்.

சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் கைப்பேசிப் பணப்பரிமாற்றம் பற்றி ஒரு பாடம். மூன்றே நாள். கேள்விகளை ஒரே இரவில் எழுதினேன். எங்கள் அத்தை ஒரு குழுவின் பொருளாளர். அவரும் அந்தப் பாடத்தை எடுத்து நூற்றுக்கு நூறு வாங்கினார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் அவருக்கு ஒரு அழைப்பு. வங்கி மேலாளர் பேசுகிறேன், உங்கள் கார்டு முடங்கப் போகிறது என்றானாம். ஓடிபியின் ஆறு எண்ணில் நாலைப் படித்துவிட்டார். மகள் பார்த்துப் போனைப் பிடுங்கியிருக்கிறாள்.

“அத்தை, பாடத்தில் இதைத்தானே கேட்டிருந்தேன்? சரியாகப் பதில் சொன்னீர்களே!”

“எல்லாவற்றிலும் எது நீளமாக இருந்ததோ அதைத் தொட்டேன் மாப்பிள்ளை. அதுதான் சரியாக வந்தது.”

போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு கேள்வி. பத்தில் சரியான விடைதான் நீளம், மற்ற இரண்டில் ‘மேற்கண்ட அனைத்தும்’. அதுவும் கடைசியில், நீளமாக.

திருத்தியபோது தேர்வையே தூக்கிவிட்டேன். பாடத்தின் நடுவில் திரையில் போன் ஒலிக்கும். எடுத்தால் என் நண்பன் ஒருவனின் குரல், மிகவும் மரியாதையாக, “அம்மா வணக்கம், வங்கியிலிருந்து பேசுகிறேன்” என்று தொடங்கும். எந்த இடத்தில் துண்டிக்கிறார்கள் என்பதுதான் மதிப்பெண். அதற்கும் மூன்று நாள்தான் ஆனது. அத்தை முதல் முறை அவனிடம் “சாப்பிட்டீர்களா தம்பி” என்று கேட்டார். இரண்டாம் முறை, வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

வைகைக்கரை:

மேலூர் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு என் மூன்று காட்சிகளின் விடைகளையும் நீளம் பார்த்தேன். ஒன்று மாட்டியது, திருத்திவிட்டேன்.

ஆலையிலிருந்து சூப்பர்வைசர் அண்ணன் நேற்றுக் கூப்பிட்டார். பாடத்தைப் பார்த்துவிட்டு ஷிப்ட்காரர்களுக்குள் சண்டையாம். நான் படம் எடுத்த மாலையில் சுவர்க் கடிகாரம் 5.40 காட்டியிருக்கிறது. ஆலையில் ஷிப்ட் மாறுவது காலை 6, மதியம் 2, இரவு 10. அப்படியென்றால் 5.40-க்கு அவசரப்பட்டு விரலை நீட்டுகிறவர்கள் இரவு ஷிப்ட்காரர்கள்தான் என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். ஜன்னலில் இவ்வளவு வெயில் இருக்கும்போது அது எப்படி விடியற்காலை ஆகும் என்று இரவு ஷிப்ட்காரர்கள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி வாதாடியிருக்கிறார்கள்.

கடிகாரத்தை 1.40 ஆக மாற்றி அனுப்பிவிட்டேன். இன்று காலையிலிருந்து முதல் ஷிப்ட்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.