மூங்கில் சந்திரிகையில் மாவு கொட்டுது, மருந்து அடிக்கலாமா?

கேள்வி (பாலக்கோடு பக்கம்):
வெண்பட்டுப்புழு, தடவைக்கு 150 முட்டைத் தொகுதி (ஒரு தாய் அந்து இட்ட முட்டை ஒரு தொகுதி) வளர்க்கிறோம். 6க்கு 4 அடி மூங்கில் சந்திரிகை (புழு கூடு கட்ட, பாய் மேல் பட்டையைச் சுருளா வச்சுக் கட்டின தட்டு) 42 இருக்கு. அதில் 10 போன வருஷம் வாங்கினது. தட்டினா வெள்ளையா மாவு கொட்டுது, பட்டையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. பழசுக்கு ஒண்ணும் ஆகல. போன அறுவடையில் இரட்டைக் கூடும் கறைக் கூடும் ரொம்ப. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா? மருந்து அடிக்கலாமா, இல்ல பிளாஸ்டிக்குக்கே மாறிடலாமா?

பதில் 1:
கொட்டுறது உளுத்த மாவுங்க. மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்குத்தான் அதைத் துளைக்கிற வண்டு வருது. இளங்கழியை வெட்டி, ஊறப்போடாம பச்சையாவே பின்னினா இப்படித்தான் ஆகும். 3, 4 வருஷம் முத்தின கழியா, மழை முடிஞ்சு குளிர்காலத்தில் வெட்டினதா இருக்கணும். அதைத் தண்ணியில் சில வாரம் ஊறப்போட்டா சத்து கரைஞ்சிடும். அவசரம்னா பிளந்த பட்டையை வேகவச்சுக் காயவைக்கலாம்.

வாங்கும்போது சுருள் பட்டையின் முகத்தைப் பாருங்க. ஒரு பக்கம் வழவழன்னு மேல்தோல் இருக்கணும். ரெண்டு பக்கமும் சொரசொரன்னு இருந்தா அது உள்சதை. வண்டு முதல்ல அதைத்தான் துளைக்கும்.

பூச்சிமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். பட்டையில் ஒட்டியிருக்கிற கொஞ்சம் போதும், புழு நூல் விடாமலே செத்துடும். ஓட்டை விழுந்த பட்டையை மட்டும் அறுத்து எரிச்சுட்டு, நல்ல பட்டை வச்சுக் கட்டுங்க. சட்டமும் உளுத்திருந்தா அந்தச் சந்திரிகையையே எரிச்சிடுங்க. மத்ததோட அடுக்கி வைக்காதீங்க, தாவும்.

பதில் 2:
இரட்டைக் கூட்டுக்குக் காரணம் மாவு இல்ல, எண்ணிக்கை. சதுர அடிக்கு 40 முதல் 50 புழுதான் தாங்கும். 24 சதுர அடிக்கு 1,000 முதல் 1,100 வரை போகலாம். 150 தொகுதியில் 55,000 புழு பழுத்தாலே (கூடு கட்டத் தயாரானாலே) 50 முதல் 55 சந்திரிகை வேணும். 42-ல ஏத்தினா ஒண்ணுக்கு 1,300 தாண்டுது. இடம் இல்லாம ரெண்டு புழு ஒரே கூட்டுக்குள்ள போயிடுது.

சுருளையும் அளந்து பாருங்க. பட்டை 2 அங்குல உயரம், வளைவுக்கு வளைவு 2 அங்குல இடைவெளி. கட்டு தளர்ந்து பட்டை ஒரு பக்கமா சாய்ஞ்சா, குறுகின இடத்தில் இரட்டைக் கூடு விழும். அகன்ற இடத்தில் பஞ்சுதான் (கூட்டுக்கு வெளியே விடுற தளர்ந்த நூல்) அதிகம் சுத்தும், கூடு மெலிசா நிக்கும்.

கறைக்குக் காரணம் மூத்திரம். கூடு கட்டத் தொடங்குமுன் புழு கடைசியா நிறைய நீர் விடும். சந்திரிகையைப் படுக்க வச்சா அது அப்படியே பாயில் தேங்கும். சாய்ச்சு நிறுத்தி, கீழே பழைய பேப்பர் போடுங்க, நனைஞ்சதும் மாத்துங்க. நிழல், நல்ல காத்தோட்டம், 24–25 டிகிரி. நேர் வெயில் பட்டா புழு எல்லாம் இருட்டான பக்கத்துக்கு ஓடி ஒரே இடத்தில் குமியும். இரட்டைக் கூடு அங்கயும் வரும்.

பழுக்காத புழுவை ஏத்தினாலும் கறை வரும். உடம்பு சுருங்கி, கண்ணாடி மாதிரி மஞ்சள் படர்ந்து, தழையை விட்டுத் தலையைத் தூக்கி ஆட்டுதான்னு பார்த்து எடுங்க.

கேட்டவர்:
அறுவடைக்குப் பிறகு சந்திரிகையை எப்படிச் சுத்தம் செய்யறது?

பதில் 1:
ஒட்டின பஞ்சை ஃபிளேம் கன்ல (தீ பீய்ச்சுற கருவி) ஓட்டமா காட்டி எரிங்க. ஒரே இடத்தில் நிறுத்தினா பட்டை கருகி முறியும். அப்புறம் 10 லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர், 30 கிராம் நீத்த சுண்ணாம்பு கரைச்சு முழுசா நனைக்கணும். மூக்கைக் கட்டிக்குங்க. நல்ல வெயில்ல ரெண்டு பக்கமும் திருப்பிக் காயவச்ச பிறகே அடுக்குங்க. ஈரத்தோட அடுக்கினா பாயில் பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும்.

பதில் 2:
பிளாஸ்டிக் இடத்தை அடைக்காது, கழுவவும் சுலபம், மறுக்கல. ஆனா மூங்கில் ஈரத்தை உறிஞ்சிக்கும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. மழை மாசத்தில் அது பெரிய வித்தியாசம். இப்போதைக்கு 12 சந்திரிகை கூடுதலா, தோல் பட்டையில் பின்னினதா பார்த்து வாங்குங்க.