இந்தியத் தயாரிப்பில் நம்பகமான பிஸ்டன் பேனா: வாங்கலாமா, ஃபில்லரோடு நின்றுவிடலாமா?

வகுப்பறை:

நான் கல்லூரியில் கற்பிக்கிறேன். நாளொன்றுக்கு எட்டுப் பத்துப் பக்கங்கள் கையால் எழுதுகிறேன். இதுவரை ஃபில்லர் எனும் சொட்டுக்குழாயால் மை ஊற்றும் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவையே வைத்திருந்தேன். எழுத்தில் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால், பிற்பகல் வகுப்புகளில் நிப்பின் அடியில் ஒரு சொட்டு திரண்டு நின்று தாளில் விழுந்துவிடுகிறது. சென்ற வாரம் ஒரு மாணவியின் ஆய்வேட்டில், நான் கையொப்பமிட வேண்டிய கோட்டின் மேலேயே விழுந்தது. அவர் அந்தப் பக்கத்தை மறுபடியும் அச்சிட்டு எடுத்து வர வேண்டியதாயிற்று. ஆகவே, பின்முனைக் குமிழைத் திருகினால் மையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் பிஸ்டன் பேனாவுக்கு மாற நினைக்கிறேன். இந்தியாவில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். எதை நம்பி வாங்கலாம்?

கடைசல்:

வணக்கம் ஐயா. நான் கடைசல் இயந்திரத்தில் பேனா செய்து பழகியவன். இப்போது பழுது பார்ப்பதோடு சரி. பிஸ்டன் வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டின் பேனாக் கலை எபோனைட் கோலைக் கையால் கடைந்து உருவாக்கும் கலை. ராஜமகேந்திரவரத்தில் ரத்னம் பேனா 1932-இல் தொடங்கிய நாள் முதல் இன்றைய திருவள்ளூர் ரங்கா, சென்னை ஆசா வரை அந்த வழிதான் நிலைத்திருக்கிறது. அந்த முறையில் தண்டின் உள்துளையை ட்ரில் கொண்டு போடுகிறோம். வெளிப்புறத்தைக் கண்ணாடி போல மெருகேற்ற முடிகிற அளவுக்கு உட்புறத்தை மெருகேற்றுவது எளிதல்ல. மெல்லிய குச்சியை விட்டுத் தடவிப் பார்த்தால் ட்ரில் ஓடிய வரிகள் மெல்லத் தட்டுப்படும். மையை ஊற்றி வைக்கும் வெறும் கலமாக அந்தத் துளை இருக்கும்வரை வரிகளால் எந்தத் தீங்கும் இல்லை. அதே துளைக்குள், பிஸ்டனின் முனையில் மை கசியாமல் அடைக்கும் ஒரு ரப்பர் சீல் நாள்தோறும் ஏறி இறங்க வேண்டுமென்றால், துளை மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டத்தில், வழவழப்பாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சீல் தேய்ந்து, மை பிஸ்டனுக்குப் பின்னால் கசியத் தொடங்கும். அங்கே போய் உலர்ந்த மை திருகுமரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அப்படி இறுகிய பேனாவை எத்தனையோ பேர் பலங்கொண்ட மட்டும் திருகி, குமிழைக் கையோடு பெயர்த்து என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள்.

உங்களுக்குச் சொட்டுத்தான் தொல்லை என்றால், கன்வர்ட்டரும் (திருகி மை உறிஞ்சும், தனியே கழற்றக்கூடிய சிறு குழாய்) பொருந்தும் எபோனைட் பேனாவாக வாங்குங்கள். பழுதானால் கன்வர்ட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பேனாவுக்கு ஆயுள் முழுவதும் கவலை இல்லை.

நீலமை:

கடைசல் ஐயா சொன்ன உள்துளைச் செய்தியை நான் மறுக்கவில்லை. பிஸ்டனில் எங்கே தவறு நேர்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் வகுப்பறை அவர்களின் சொட்டு ஏன் விழுகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

அவருடைய பேனாவில் 3 மில்லி மை கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லி எழுதித் தீர்ந்தால் அந்த இடத்தில் 2 மில்லி காற்று நிற்கும். 27 பாகை வெப்பத்தில் இருந்த அந்தக் காற்று கையின் சூட்டால் 34 பாகைக்கு ஏறினால், அதன் பருமன் ஏறக்குறைய நூற்றுக்கு 2.3 பங்கு கூடும். அதாவது 0.05 மில்லிக்குச் சற்றே குறைந்த அளவு மை வெளியே தள்ளப்படும். அது சரியாக ஒரு சொட்டு! நிப்பின் அடியிலிருந்து அதற்கு மையைக் கொண்டுவரும் நாக்கின் பக்கங்களில் சீப்புப் பற்களைப் போல வெட்டியிருக்கும் பள்ளங்கள் இந்த உபரி மையைத் தாங்கிக்கொள்வதற்காகவே இருக்கின்றன. கையால் வெட்டிய நாக்குகள் பலவற்றில் அவை மிகக் குறைவு.

பிஸ்டனில் இதற்கு ஒரு வழி உண்டு. ஃபில்லர் பேனாவில் அது இல்லை. நிப்பை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கில் மை தெரியும்வரை குமிழை மெல்ல முன்னால் திருகினால், உள்ளே நின்ற காற்று முழுவதும் வெளியேறிவிடும். விரிவதற்குக் காற்றே இல்லாத இடத்தில் சொட்டு எங்கிருந்து வரும்? நான் ஒவ்வொரு நாளும் மதிய உணவுக்குப் பின் இதைச் செய்கிறேன், மூன்று விநாடிகூட ஆவதில்லை. மை கீழே இறங்க இறங்க நம்பகம் குறையாத பேனா வேண்டுமென்றால், அது பிஸ்டன்தான்.

பெயர் கேட்டதால் சொல்கிறேன். கான்பூரின் கான்ரைட் நிறுவனம் செய்யும் ஹெரிடேஜ், நூட்லர்ஸின் கொன்ராட், விலை குறைந்ததில் செர்வெக்ஸ் 162 ஆகிய மூன்றையும் பாருங்கள்.

கடைசல்:

காற்றுக் கணக்கு சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கன்வர்ட்டரும் ஒரு சிறிய பிஸ்டன்தானே? அதையும் முன்னால் திருகிக் காற்றை வெளியேற்றலாம். அதோடு, கன்வர்ட்டருக்கும் தண்டின் சுவருக்கும் நடுவே காற்றிடைவெளி இருப்பதால் கையின் சூடு மையைச் சென்றடைவதே தாமதமாகும். எபோனைட்டும் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். இத்தனை பாதுகாப்பு இருக்கும்போது, பழுதானால் முழுப் பேனாவையும் பிரித்துப் போட வேண்டிய ஓர் அமைப்பை ஏன் நாட வேண்டும்?

இன்னொன்றையும் கேட்கிறேன். அவர் இந்தியத் தயாரிப்பு வேண்டும் என்கிறார். நூட்லர்ஸ் அமெரிக்க நிறுவனம் அல்லவா?

நீலமை:

நிறுவனம் அமெரிக்காவினுடையது, பேனா செய்யப்படுவது இந்தியாவில். அவர் கேட்டது இந்தியாவில் செய்யப்பட்ட பேனாவை. நீங்கள் பரிந்துரைக்கும் எபோனைட் பேனாக்களில் பலவற்றுக்கு நிப் ஜெர்மனியின் யோவோவிலிருந்தோ பாக்கிலிருந்தோ வருகிறது, கன்வர்ட்டர் ஷ்மிட்டிலிருந்து வருகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தாளைத் தொடும் பகுதியும் மையை வைத்திருக்கும் பகுதியும் வெளியிலிருந்து வந்தாலும் அதை நாம் இந்தியப் பேனா என்றே பெருமையாகச் சொல்கிறோம், அதே பெருமனம் கொன்ராடுக்கும் பொருந்த வேண்டும் என்கிறேன். முழுக்க உள்நாடு என்பதே அளவுகோலானால் கான்ரைட்டுக்குத்தான் முதலிடம், ஏனெனில் அவர்கள் நிப்பையும் தாங்களே செய்கிறார்கள்.

கன்வர்ட்டரைப் பற்றி: அது கொள்வது அரை மில்லியிலிருந்து முக்கால் மில்லி வரைதான். நாளுக்குப் பத்துப் பக்கம் எழுதுகிறவர் பையில் மைப்புட்டியைச் சுமந்துகொண்டே அலைய வேண்டும். குறுகிய குழாயானதால் சில மைகள் மேலேயே ஒட்டிக்கொண்டு நாக்குக்கு இறங்காமல் நிற்கும். நடுவாக்கியத்தில் எழுத்து வற்றிப்போகும். பேனாவைத் தட்டித் தட்டி எழுதுவதை நம்பகம் என்று எப்படி அழைப்பது?

பிரித்துப்பார்:

இருவருமே பிஸ்டன் நன்றா, அன்றா என்று வழக்காடுகிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது, அந்தப் பிஸ்டனை என் கையால் வெளியே எடுக்க முடியுமா என்பதே. எல்லாப் பிஸ்டனும் ஒருநாள் இறுகும். 1929-இல் ஜெர்மன் நிறுவனமான பெலிகான் தன் பிஸ்டன் பேனாவைக் கொண்டு வந்த காலத்திலிருந்து இது இப்படித்தான். மசகு காயும், சீல் தேயும். திறக்க முடிந்த பேனா அன்றைக்கு அரைமணி நேரப் பராமரிப்போடு பிழைத்துவிடும். திறக்க முடியாதது குப்பைக்குப் போகும்.

என் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பிஸ்டன் பேனா குமிழ் இறுகியதும், வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை ஒரு துளி விட்டேன். இரண்டு நாள் வெண்ணெயாகச் சுழன்றது. மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து, மையோடு சேர்ந்து பச்சை நிறக் களிம்பாகி, நாக்கின் வாய்க்காலை அடைத்துவிட்டது. பின்முனை ஒட்டப்பட்ட பேனா அது. உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது, கையால் தொட வழியில்லை. அதன் பிறகுதான் கொன்ராட் வாங்கினேன். அதன் பிஸ்டன் பொறி முழுவதும் திருகி வெளியே வந்துவிடும். சீலைத் துடைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியில் கடுகளவு சிலிக்கோன் கிரீஸ் தொட்டுத் தடவி, மறுபடியும் பூட்டலாம். பிஸ்டனே வேண்டாமென்றால் எடுத்து வைத்துவிட்டு ஃபில்லரால் ஊற்றியும் எழுதலாம். கடைசல் ஐயாவின் கட்சியும் நீலமை அவர்களின் கட்சியும் அந்த ஒரு தண்டுக்குள் அடங்குகின்றன.

குறையையும் மறைக்கவில்லை. வாங்கிய கையோடு அது ஒழுங்காக எழுதும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிப்பும் நாக்கும் வெறுமனே அழுத்திச் செருகப்பட்டவை. நாக்கை ஓர் இழை முன்னே, ஓர் இழை பின்னே நகர்த்தி மையோட்டத்தைச் சரிப்படுத்த ஒரு மாலைப்பொழுது போய்விடும். தாவரப் பிசினில் செய்யப்பட்ட வகைக்கு ஒரு நெடியும் உண்டு, மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். சில மாதங்களில் தணிகிறது.

கடைசல்:

பிரித்துப்பார் தம்பி சொல்வதோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. பட்டறையில் நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை திறக்க முடியாத பேனாக்களில் வந்தவையே. அதைப் பிஸ்டனின் குற்றமாக மட்டும் நான் எழுதியது மிகை என்று ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், கையால் கடைந்த எபோனைட் தண்டுக்குள் பிஸ்டன் வேண்டாம் என்ற சொல்லிலிருந்து நான் இறங்கமாட்டேன்.

நீலமை:

கொன்ராட் எபோனைட் உடலிலும் வந்திருக்கிறது, ஐயா. ஆகவே எபோனைட்டில் பிஸ்டன் ஓடவே ஓடாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முதல் பிஸ்டன் பேனா வாங்குகிற ஒருவருக்கு உள்ளே தெரியும் ஒளிபுகும் தண்டே நல்லது என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். பிஸ்டனுக்குப் பின்னால் மை ஒரு கோடாகத் தெரிந்த அன்றே சீல் தளர்ந்ததை அறிந்துகொள்ளலாம். குமிழ் இறுகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசல்:

அப்படியானால் வகுப்பறை ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பிஸ்டன் பேனா வாங்கினாலும் முதல் நாளே மை நிரப்பாதீர்கள். வெறும் தண்ணீரை நிரப்பி, இறக்கி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். திருகும்போது குமிழ் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீராக ஓட வேண்டும், ஓரிடத்தில் இறுகி மறு இடத்தில் வழுக்கினால் துளை சீராக இல்லை என்று பொருள். பிறகு தண்ணீர் நிரம்பிய பேனாவை நிப் கீழே இருக்குமாறு ஒரு குவளையில் நிறுத்தி, அடியில் மெல்லிய தாளை விரித்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். தாள் நனைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒளியில் தூக்கிப் பிடித்து, நிப்புக்கும் நாக்குக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மையில் பிரில், கேமல், சுலேகா போன்ற சாதாரண எழுதுமை போதும். மினுமினுப்புத் துகள் கலந்த மையைப் பிஸ்டன் பேனாவில் விடவே கூடாது. துகள் சீலின் விளிம்பில் தங்கி உப்புத்தாளைப் போல் தேய்க்கும். கழுவத் தண்ணீர் மட்டும், அதுவும் குளிர்ந்த தண்ணீர். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக் விரிசல் விடும்.

வகுப்பறை:

அனைவருக்கும் என் நன்றி. இரண்டு முடிவுகள் எடுத்தேன். பழைய எபோனைட் பேனாவை வீட்டு மேசையில் வைத்துக்கொள்கிறேன்; மை பாதிக்கு இறங்கியதும் நிரப்பிவிட்டால் சொட்டுத் தொல்லை குறையும் என்பது நீலமை அவர்களின் கணக்கிலிருந்து எனக்கு விளங்கிவிட்டது. கல்லூரிக்குக் கொன்ராட், ஒளிபுகும் தண்டு உள்ளது. நேற்று வந்து சேர்ந்தது.

தண்ணீர்ச் சோதனையில் தாள் நனையவில்லை. குமிழ் கடைசிக் கால் சுற்றில் மட்டும் சற்று இறுகியது. பொறியைத் திருகி வெளியே எடுத்து, பிரித்துப்பார் சொன்னபடி கடுகளவு கிரீஸ் தடவினேன், இப்போது சீராக ஓடுகிறது. ஆனால் மை நிரப்பியதும் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் விட்டுப்போகிறது. நாக்கை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்?

பிரித்துப்பார்:

பேனாவைக் காலி செய்து நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் நிப்பை வெளிச்சத்தில் பாருங்கள். பிளவின் இரு பக்கங்களும் நுனியில் இறுக ஒட்டியிருந்தால் நாக்கைத் தொட வேண்டாம், பிளவைத்தான் மயிரிழை அளவு விரிக்க வேண்டும். நுனியில் ஒளி தெரிந்தால் மட்டும் நாக்கை நுனி நோக்கி அரை மில்லிமீட்டர் நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு அதற்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யலாம்.