மத்திய வீதியில் நடைபாதையை அகட்டினால் வியாபாரம் படுக்குமா?
(திருகோணமலைப் பட்டினத்து மத்திய வீதியைப் பற்றி நாலு பேர் புனைபெயர்களில் வாதாடுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுகிறவரின் புனைபெயர்.)

உவர்மலை
மத்திய வீதியில் கண்டபடி வாகனம் நிறுத்துவதை எடுத்துவிட்டு நடைபாதையை அகட்ட வேண்டும் என்பது என் வாதம். திருகோணமலைப் பட்டினம் கடலுக்கும் உட்துறைமுகத்துக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற நிலம். பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர் சந்தை, வங்கி, கடைத்தெரு எல்லாவற்றுக்கும் கால்மணி நேரத்துக்குள் நடந்தே போகலாம். தூரம் கிட்டத்தான், கால் வைக்கத்தான் இடமில்லை.

கடை முகப்பிலிருந்து எதிர்க்கடை முகப்புக்கு 10 மீற்றர் உள்ள ஒரு துண்டை எடுங்கள். பின்னேர வெயில் விழுகிற பக்கம் 2.5 மீற்றர் நடைபாதை, அதற்குள் மரவரிசை. எதிர்ப்பக்கம் 2 மீற்றர். நடுவில் ஒருவழியாக 3.5 மீற்றர் ஓடுபாதை. மிச்ச 2 மீற்றர் சாமான் இறக்கவும் மோட்டார் சைக்கிள் நிறுத்தவும். ஓடுபாதையும் இந்தத் துண்டும் சேர்ந்தால் 5.5 மீற்றர்; தீயணைப்பு வண்டி தாராளமாகப் போகும்.

மொத்தவியாபாரம்
கடதாசியில் வடிவாகத்தான் இருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு கிண்ணியா, மூதூர்ச் சனம் மோட்டார் சைக்கிளிலேயே பட்டினத்துக்கு வருகுது. 25 கிலோ அரிசி மூட்டையை 300 மீற்றர் தூக்கிக்கொண்டு யார் நடப்பது? கடை வாசலில் நிறுத்த விடாவிட்டால் அவர்கள் கந்தளாயிலோ தங்கள் ஊரிலோ வாங்கிவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று. நீங்களே சொல்கிறீர்கள், ஒடுங்கிய நிலம் என்று. அப்படியென்றால் ஒரு தெருவை ஒருவழியாக்கினால் மற்றப் போக்குவரத்து எங்கே போகும்? சுற்றிப்போக வேறு வழி எங்களுக்கு இல்லை. பக்கத்துத் தெரு நெரிபடும், அவ்வளவுதான். அகட்டின நடைபாதையில் ஒரு மாதத்துக்குள் வாளி, பாய், பிளாஸ்ரிக் கதிரை எல்லாம் வந்து குந்தும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

உவர்மலை
மூட்டை வாங்குகிறவருக்காகத்தான் அந்த 2 மீற்றர். 100 மீற்றர் நீளத்தில் கார் நிறுத்தினால் 18 கார். அதே இடத்தில் மோட்டார் சைக்கிளைக் குறுக்காக நிறுத்தினால், ஒன்றுக்கு 90 சென்ரிமீற்றர் வைத்தாலும், 110 வரும். காலையில் கடை திறக்கிறவரின் வண்டி இரவுவரை அதே இடத்தில் நின்றால் அந்த இடத்தால் ஒரு ஆளுக்குத்தான் பயன். அரைமணி நேர வரையறை வைத்தால் பத்து மணித்தியாலத்தில் 20 பேர் வந்து போகலாம். வாசலை அடைக்கிறது பெரும்பாலும் வாடிக்கையாளரின் வண்டி அல்ல, கடைக்காரரின் வண்டி.

எத்தனை பேர் வாகனத்தில் வருகிறார்கள் என்பதில் வியாபாரிகளின் மதிப்பீடு பிழைப்பதும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2006இல் கேட்டபோது, தங்கள் வாடிக்கையாளரில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். வந்தவர்களையே கேட்டால் 22 சதவீதம். ஸ்பெயினின் பொன்தெவேத்ரா எங்களைப் போன்ற நடுத்தர நகரம், 80,000 பேரளவில். 1999 தொடக்கம் நடுநகரை நடப்பவர்களுக்கே விட்டிருக்கிறார்கள்.

மொத்தவியாபாரம்
பொன்தெவேத்ராவில் நடுநகருக்கு வெளியே காசில்லாத தரிப்பிடம் செய்துகொடுத்திருக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே கச்சான் என்கிற எங்கள் சூடான தென்மேல் காற்றும் இல்லை. வைகாசி ஆனியில் மத்தியானம் இங்கே நிழலில்லாமல் 200 மீற்றர் நடந்து பாருங்கள்.

வடிகான்
இரண்டு பேரும் தெருவின் மேற்புறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நடைபாதை பழுதாவது கீழே இருந்துதான்.

எங்களுக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் வடகீழ்ப் பருவத்தில் ஒரேயடியாகக் கொட்டுகிறது. கடைத்தெருவில் நடைபாதை என்பதே பெரும்பாலும் கானின், அதாவது மழைநீர் வடிகாலின், மூடிதான். கொங்கிரீட் மூடி 600 க்கு 600, தடிப்பு 100 மில்லிமீற்றர் என்றால் 86 கிலோ வரும். இரண்டு பேர் கொழுக்கி போட்டுத் தூக்கலாம். நீளத்தை 900 ஆக்கினால் 130 கிலோ. அதை யாரும் தூக்கமாட்டார்கள். கான் தூர்ந்து, முதல் பெருமழையிலேயே தண்ணீர் கடைக்குள் வரும். ஆகவே சின்ன மூடி, ஒவ்வொன்றிலும் இரண்டு கொழுக்கித் துளை, 10 மீற்றருக்கு ஒரு துப்புரவுக் கிடங்கு. இரும்புச் சட்டம் போடுகிற இடத்தில் கம்பிகள் நடக்கிற திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இடைவெளி 13 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. நெடுக்காகப் போட்டால் சைக்கிள் சில்லு இறங்கிவிடும்.

அடுத்தது மட்டம். காபட் என்கிற தார்ப்படைக்கு மேல் காபட் போட்டுப் போட்டு வீதி உயர்ந்தால் பழைய கடைகளின் படி பள்ளத்தில் போய்விடும். அதற்கு மேலே நடைபாதையையும் உயர்த்தினால் கடை குளமாகும். பழைய தாரைச் சுரண்டி வீதியை இறக்கிய பிறகுதான் ஓரக்கல் வைக்க வேண்டும். நடைபாதைச் சரிவு கானைப் பார்த்து 2 சதவீதம், அதாவது 2.5 மீற்றருக்கு 50 மில்லிமீற்றர்.

இன்ரலொக் கல் (ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கிற கல்): நடக்கிற இடத்துக்கு 60 மில்லிமீற்றர், வாகனம் ஏறுகிற இடத்துக்கு 80. கீழே இறுக்கிய கற்படை 150, அதன்மேல் 30 மில்லிமீற்றர் பரும்மணல். கடல்மணல் வேண்டாம், உப்புப் பூக்கும். ஓரக்கல்லைக் கொங்கிரீட்டில் இறுக்காவிட்டால் கல் பக்கவாட்டில் நகர்ந்து ஆறு மாதத்தில் பல்லிளிக்கும். எல்லாம் முடிந்தபிறகு நீர்க்குழாய்க்கென்று யாராவது வெட்டினால், மூடின இடம் தாழத்தான் செய்யும். அதனால் கல் பதிக்க முன்பே 20 மீற்றருக்கு ஒன்றாக 110 மில்லிமீற்றர் வெற்றுக்குழாய்களைக் குறுக்கே புதைத்துவிடுங்கள்.

உவர்மலை, மரத்தை நடைபாதைக்குள் வைக்காதீர்கள். குழிக்கு ஒரு மீற்றர் போனால் மிச்சம் 1.5. சக்கரநாற்காலிகள் இரண்டு கடக்க 1.8 வேண்டும். வெயில் விழுகிற பக்கத்திலேயே அந்த 2 மீற்றர் துண்டையும் வைத்து, ஒவ்வொரு ஏழெட்டு மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் ஒரு வேம்போ புங்கையோ நடுங்கள்.

தேர்வடம்
மரத்தைப் பற்றி ஒன்று. இது புள்ளிமான் திரிகிற பட்டினம். கன்றுக்கு 1.8 மீற்றர் உயரக் கூண்டு போடாவிட்டால் ஒரு கிழமைக்குள் குச்சிதான் மிஞ்சும்.

பெரிய விசயம் சாமி வீதிவலம். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வருகிறார், பத்திரகாளி அம்மன் தேர் வருகிறது. எந்தத் தெருவால் வருகிறது என்று கோயில்காரரோடு இருந்து அளந்து, அந்த அகலத்துக்குள் மரக்கிளையும் விளக்குக் கம்பமும் வராமல் பார்க்க வேண்டும். வாகனத்தை மறிக்கிற தூண்கள் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். தேர்ச்சில்லின் பாரம் ஒரு புள்ளியில் இறங்கும். 60 மில்லிமீற்றர் கல் வெடிக்கும். தேரோடும் தடத்தில் கொங்கிரீட் போடுவதுதான் புத்தி.

தேருக்காக எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். கூடாது. ஓரம் 60 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வெள்ளைப்பிரம்புக்குப் பிடிபடாது. கண் தெரியாதவர் தன்னையறியாமலே ஓடுபாதைக்குள் இறங்கிவிடுவார். கடவைகளில் மட்டும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வில் இறக்கி, காலுக்கும் பிரம்புக்கும் பிடிபடுகிற புள்ளி ஓடு பதியுங்கள்.

மொத்தவியாபாரம்
கான் வேலை சரி, அதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டோம். ஒருவழிக்கு இன்னும் சம்மதமில்லை. கல்லில் கட்ட முன் பெயின்ரும் பிளாஸ்ரிக் கூம்பும் வைத்து ஆறு கிழமை செய்து பாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கோ தீபாவளிக்கோ முன்னால் வேண்டாம், அதுதான் எங்கள் வருமானம். லொறிக்கு விடிய 5 தொடக்கம் 8:30 வரை. ஆட்டோத் தரிப்பிடத்தைத் தெருமுனையை விட்டுத் தூர விரட்டக்கூடாது. மூட்டை வாங்குகிறவர் அதில்தான் போவார்.

உவர்மலை
தை நடுப்பகுதி தொடக்கம் மாசி கடைசி வரை வைப்போம். மழை ஓய்ந்திருக்கும், நகர்வலமும் அதற்குள் வரும், ஒரே முறையில் அகலமும் தெரிந்துவிடும். எந்தத் தெரு உள்ளூராட்சிச் சபையுடையது, எது வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது என்று முதலில் பிரித்து, அனுமதி எடுக்க வேண்டும்.

மொத்தவியாபாரம்
தொடங்க முதல் இரண்டு கிழமையும் எண்ணுங்கள்: நடந்து வந்தவர், நிறுத்தினவர், பக்கத்துத் தெருவில் போன வாகனம். எண்ணுகிற ஆட்களில் பாதி வியாபாரிகள் பக்கத்தால் வருவார்கள். அதற்குச் சம்மதமென்றால் எங்கள் கடை வண்டிகளை அன்றிலிருந்தே வாசலில் நிறுத்தமாட்டோம்.