புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போவது எப்படி?

கேள்வி (பள்ளத்தூர்ப் பேத்தி):
சிறு வயதில் கோடை விடுமுறைக்குப் பள்ளத்தூர் வரும்போதெல்லாம், திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு எங்கள் தாத்தாவான ஐயா எங்களை அழைத்துப்போவார். அவர் வாசலோரம் நாளிதழோடு உட்கார்ந்துகொள்ள, நாங்கள் பாடம் செய்துவைத்த விலங்குகளுக்கும் பழைய வாள்களுக்கும் நடுவே மனம்போனபடி திரிவோம். அந்த இன்பத்தை என் பிள்ளைகளுக்கும் காட்ட விரும்பி, முன்னோர்களை வழிபடும் படைப்புக்காக எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது வேன் அமர்த்திப் புறப்பட்டோம். கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்று மாமியார் வழிநெடுகப் பதறினார். கணவர் வேனை விட்டு இறங்கவேயில்லை. ஒவ்வொரு பெயர்ப்பலகையாக நின்று வாசித்து நான் விளக்கிக்கொண்டிருக்க, மகன் கைப்பேசியில் மூழ்கினான், மகள் எல்லாம் ஒரே கல்லாக இருக்கிறது என்றாள். ஐயா இருந்திருந்தால் வருந்தியிருப்பார். பொங்கலுக்கு மறுபடியும் வருகிறோம். இவர்களை எப்படித்தான் ரசிக்க வைப்பது?

பதில் (திருமயத்து ஆசிரியர்):
அம்மா, அந்த அருங்காட்சியகம் 1910ஆம் ஆண்டில், புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்தது. ஒரு சிறு நாடு தன்னிடமிருந்த பறவை, பாறை, செப்புத்திருமேனி, நாணயம், படைக்கலம் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்ததுபோல் அமைந்திருப்பதால், எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்க்க முயன்றால் பெரியவர்களுக்கே அலுப்புத் தட்டும். நாணயப் பகுதியில் அம்மன் காசை மட்டும் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதன் ஒரு புறம் கோகர்ணேசுவரர் கோயில் அம்மனான பிரகதாம்பாள் உருவமும் மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றும் இருக்கும். நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் தானமாக வழங்குவது சமஸ்தான வழக்கம். உங்கள் மாமியார் தரிசிக்கத் துடித்த அம்பாளும் அவளேதான். ஆகவே காலையில் கோகர்ணேசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு, நடை சாத்திய பிறகு அருங்காட்சியகத்துக்கு வந்தால் பூசல் பாதி குறையும். வெள்ளிக்கிழமை அம்பாளுக்கு உகந்தது என்று அன்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

பதில் (தேவகோட்டைக்காரன்):
ஆசிரியர் சொன்ன அம்மன் காசு நல்ல யோசனைதான், ஆனால் அதையும் நீங்கள் பாடமாக நடத்திவிடக் கூடாதே என்பது என் கவலை. உங்கள் ஐயா எதையும் விளக்கவில்லை, வாசலில் உட்கார்ந்து நாளிதழ் படித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குத் திரிய இடம் கிடைத்தது, கேள்வி எழுந்தால் கேட்க ஓர் ஆள் இருந்தார். அங்குள்ள கொடும்பாளூர்ச் சிற்பத்தின் முன் ஒரு குழந்தை தானாக நிற்கும் நேரம், நாம் பிடித்து நிறுத்தும் நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். கணவரை வற்புறுத்துவதையும் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு, அவரை இழுத்துப்போன நாளெல்லாம் எல்லோருக்கும் முகம் சுண்டியதுதான் மிச்சம்.

பதில் (கோட்டையூர் ஆச்சி):
கைப்பேசியை விடாத பையனுக்குக் கீழடியை முதலில் காட்டலாம் என்பது என் கருத்து. 2023இல் திறந்த அந்த அருங்காட்சியகத்தில் அசைபடங்களும் காணொளிகளும் இருக்கின்றன. கட்டடத்தையே நம் செட்டிநாட்டு வீட்டுப் பாங்கில் எழுப்பியிருப்பதால், பெரியவர்களும் தூண்களைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்குவார்கள். பெண்ணுக்குக் கல் பிடிக்கவில்லை என்றால் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போங்கள். சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளமும், மீனும், யானையும், பூப்பறிப்பவர்களுமாகத் தீட்டியிருக்கிறார்கள். மேலே ஏழடிப்பட்டம் என்ற குகையில் முனிவர்களின் கற்படுக்கைகளும் உள்ளன. வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது, பாறை சுடும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. தேவகோட்டை அண்ணன் எழுதியதைப் படித்ததும் சற்றுக் கோபம் வந்தது உண்மை, ஏனெனில் ஐயாவிடம் கேட்டால் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு நானும் படித்து வைத்திருக்க வேண்டாமா? இருப்பினும் இம்முறை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கோயில் முதலில் என்றதும் மாமியார் இப்போதே நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். கணவரைத் திருமயம் கோட்டையில் இறக்கிவிட்டால் திரும்பி வரும்வரை அவருக்கு அங்கே பொழுது போகுமா என்பதை மட்டும் ஆசிரியர் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (திருமயத்து ஆசிரியர்):
தாராளமாகப் போகும் அம்மா. உச்சியில் பீரங்கி இருக்கிறது, காற்றும் நன்றாக வீசும். அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைக் கோயில்கள் அருகருகே உள்ளன. குடிக்கத் தண்ணீர் மட்டும் கையில் கொடுத்துவிடுங்கள்.