வேல்ஸில் அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் வெல்ஷ் மொழி: நடைமுறை எப்படி, குமரி மாவட்டத்துக்கு அதில் என்ன இருக்கு?

குழித்துறைக்காரன் (கேள்வி)

வாசகர் வட்டத்தில் ஆட்சிமொழி பற்றி விவாதம் வைத்திருக்கிறார்கள். ஒரு தரப்பு பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸை எடுத்துக்காட்டாகக் கொண்டுவரப் போகிறது. நூற்றுக்கு 18 பேர்கூடப் பேசாத மொழியை அரசு அலுவலகம் முழுக்க நிலைநிறுத்திக் காட்டியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். எதிர்த் தரப்பு, அது வெறும் போர்டு செலவு, பிள்ளைகள் மேல் திணிப்பு என்கிறது. இரண்டு பக்கமும் வாட்ஸாப்பில் வந்ததை வைத்துத்தான் பேசுகிறது. கவுண்டரில் நிற்கிற ஆளுக்கு என்ன உரிமை, பள்ளியில் எதுவரை கட்டாயம், எங்கே சறுக்குகிறது? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள் விஷயத்துக்கு இது பொருந்துமா என்றும் தெரிய வேண்டும்.

பழைய கோப்பு

சட்ட வரிசையை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேடையில் எல்லோரும் குழப்புவது இங்கேதான். 1967 சட்டம் நீதிமன்றத்தில் வெல்ஷ் பேச வழி விட்டது, படிவங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தது. 1993 சட்டப்படி ஒவ்வொரு அரசு அமைப்பும் தனக்கென ஒரு மொழித் திட்டம் எழுத வேண்டும். தானே எழுதின திட்டம் என்பதால் இளக்கமாகத்தான் இருந்தது. 2011-ல் வந்த சட்டம்தான் பல்லுள்ளது. வெல்ஷுக்கு ஆட்சிமொழித் தகுதி, மொழி ஆணையர் பதவி, அமைப்புகள் மேல் கட்டாய ‘தரநிலைகள்’ எல்லாம் அதில்தான் வந்தன. ஆங்கிலத்தைவிட வெல்ஷைக் குறைவாக நடத்தக் கூடாது என்பதுதான் அடிப்படை.

எல்லா அமைப்புக்கும் ஒரே பட்டியல் கிடையாது. எந்தெந்தத் தரநிலை, எந்தத் தேதியிலிருந்து என்று ஆணையர் ஒவ்வொரு அமைப்புக்கும் தனி அறிவிப்பு கொடுப்பார். 2021 கணக்கெடுப்பில் வடமேற்கு வேல்ஸின் க்வினெத் பகுதியில் 64% பேர் வெல்ஷ் பேசுகிறவர்கள். அங்கே கவுன்சிலின் உள் நிர்வாகமே வெல்ஷில்தான். தென்கிழக்கில் நிலைமை வேறு.

கவுண்டர் மட்டத்தில் பொதுவாக இப்படி: வெல்ஷில் கடிதம் எழுதினால் பதிலும் வெல்ஷில் வரணும், அதற்காகத் தாமதம் ஆகக் கூடாது. போன் எடுக்கிறவர் வெல்ஷில் வணக்கம் சொல்லித்தான் தொடங்கணும். புதிய போர்டில் வெல்ஷ் முதலில் கண்ணில் படும் இடத்தில் இருக்கணும். ‘புதிய’ என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இருக்கிற போர்டை நாளைக்கே பிடுங்கச் சொல்லவில்லை, மாற்றும்போது சரி செய்தால் போதும். போர்டு செலவு என்று கத்துகிறவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுவார்கள்.

இதைவிடப் பெரியது, கேட்காமலே கொடுப்பது. ‘வேண்டுமானால் வெல்ஷிலும் கிடைக்கும்’ என்று மூலையில் ஒட்டி வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் காத்திருக்க வைப்பார்கள், தொந்தரவுக்காரன் என்று நினைப்பார்கள் என்ற பயம். அதனால் வெல்ஷ் தெரிந்த ஊழியர் சட்டையில் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழி பேட்ஜ் குத்தியிருப்பார். வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு நேரே வெல்ஷில் தொடங்கலாம். மருத்துவத் துறை இதை அழுத்திப் பிடிக்கக் காரணம் இருக்கிறது: மறதி நோய் வந்த முதியவர்களுக்குப் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் கழன்று போய், தாய்மொழி மட்டும் மிஞ்சலாம். வலி எங்கே என்று அப்போது ஆங்கிலத்தில் கேட்டுப் பயனில்லை.

மீறினால் ஆணையரிடம் புகார். அவர் விசாரிப்பார், திருத்தச் சொல்லுவார், 5,000 பவுண்டு வரை அபராதமும் போடலாம். ஆனால் வங்கியும் சூப்பர் மார்க்கெட்டும் இந்தச் சட்டத்துக்குள் இல்லை. தனியார் பக்கம் குடிநீர், மின்சாரம், தொலைபேசி, பேருந்து, ரயில் போன்றவை மட்டும்தான் சட்டத்தின் எல்லைக்குள் வரும்.

சாக்பீஸ்

பள்ளிப் பக்கம் நான் சொல்கிறேன். வேல்ஸில் இரண்டு வேறு சங்கதி ஓடுகிறது, இரண்டையும் ஒன்றாக்கினால் விவாதம் கெட்டுப்போகும்.

ஒன்று, வெல்ஷ் வழிப் பள்ளி. எல்லாப் பாடமும் வெல்ஷில். 1956 செப்டம்பரில் ரில் நகரத்தில் முதல் வெல்ஷ் வழி உயர்நிலைப்பள்ளி தொடங்கியது. நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே ஆண்டு நவம்பர் 1-ல்தான், மேடைக்கு உதவும். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கூடம், பிறகு தொடக்கப்பள்ளி, எல்லாம் வெல்ஷ் மட்டும். ஏழு வயது வரை ஆங்கிலத்தைப் பாடமாகவே வைக்காமல் இருக்க அனுமதி உண்டு. எல்கேஜியிலேயே இங்கிலீஷ் மீடியம் தேடுகிற நம் ஊரில் இதைச் சொன்னால் பெற்றோர் பதறுவார்கள்! ஆங்கிலம் தெருவிலும் டிவியிலும் தானாக வந்துவிடும், வெல்ஷுக்குத்தான் நேரம் தேவை என்பது அவர்கள் கணக்கு. தென்கிழக்கில் இந்தப் பள்ளிகளுக்கு வரும் பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் வெல்ஷே கிடையாது. வீட்டுப்பாடக் குறிப்பை ஆங்கிலத்திலும் அனுப்பாவிட்டால் அம்மா அப்பா கைவிட்டுவிடுவார்கள்.

நடுவில் வந்து சேருகிற பிள்ளைக்கு? க்வினெத்தில் இதற்கென்றே மொழி மையங்கள். சில வாரம் அங்கே முழு நேரம் வெல்ஷில் முக்கி எடுத்து, பிறகு வகுப்புக்கு அனுப்புகிறார்கள். நேரே வகுப்பில் உட்கார வைத்தால் பிள்ளை வாயைத் திறக்காது.

இன்னொன்று, ஆங்கில வழிப் பள்ளியில் வெல்ஷ் ஒரு பாடம். 16 வயது வரை கட்டாயம். சறுக்குவது இங்கே. வாரத்தில் சில பீரியட், மனப்பாட வாக்கியம், தேர்வு முடிந்ததும் மறதி. 2011-ல் 5,62,000 பேர் (19%) பேசினார்கள், 2021-ல் 5,38,000 (17.8%). குறைவு பெரும்பாலும் 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம். சின்னப் பிள்ளைகளுக்கான பதிலைப் பெற்றோர்தான் எழுதுகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கணும். அப்படியும், பாடம் கட்டாயம் என்பதால் மட்டும் பேச்சு வராது என்பது தெளிவு.

அதனால்தான் 2025-ல் புதிய கல்விச் சட்டம். பள்ளிகள் மூன்று வகை: முதன்மையாக வெல்ஷ், இருமொழி, முதன்மையாக ஆங்கிலம் ஆனால் ஓரளவு வெல்ஷ். மூன்றாவது வகையிலும் குறைந்தது 10% வெல்ஷ் கல்வி இருக்கணும். 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்ற இலக்கும் சட்டத்திலேயே ஏறிவிட்டது. இலக்கு எழுதுவது லேசு, ஆசிரியர் வேண்டுமே. கணிதமோ இயற்பியலோ வெல்ஷில் நடத்த ஆள் கிடைப்பதில்லை. வேலையில் இருக்கிற ஆசிரியரைச் சம்பளத்தோடு ஓராண்டு வரை மொழி படிக்க அனுப்பி, அவர் இடத்துக்கு மாற்று ஆசிரியர் செலவையும் அரசு கொடுக்கிறது. அப்படியும் பற்றவில்லை.

நம் 2006 தமிழ் கற்றல் சட்டத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை ஏறியது. ஏறின விதம் நல்லது. ஆனால் அது ஒரு பாடம், அவ்வளவுதான்.

தக்கலை கணினி

மொழிபெயர்ப்பு வேலையில் என்ன கெடும் என்று யாரும் சொல்லவில்லையே. 2008-ல் சுவான்சியில் நடந்தது பிரபலம். லாரிகள் உள்ளே வரக் கூடாது என்று ஒரு போர்டு. வெல்ஷ் வாசகம் கேட்டு மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் போயிற்று, உடனே பதில் வந்தது, அப்படியே அச்சடித்து நட்டுவிட்டார்கள். அதில் இருந்தது: ‘நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்.’ விடுப்பில் இருந்தவரின் தானியங்கிப் பதில்! கேட்டவருக்கும் அச்சடித்தவருக்கும் மொழி தெரியாவிட்டால் இதுதான் கதி. கடைசிப் புரூஃபை மொழி தெரிந்த ஒருவர் பார்க்காமல் அச்சுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் தீர்வு.

அடுத்தது மென்பொருள். வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே மாறும். ஊர் பாங்கோர், ‘பாங்கோரில்’ என்றால் ‘அம் மாங்கோர்’. ஆங்கிலப் படிவத்தில் கோடு போட்ட இடத்தில் ஊர்ப் பெயரைச் செருகுகிற நிரல் இங்கே உளறும். தமிழில் இதே கேடு வால் பக்கம்: ‘தக்கலை’ தக்கலையில் ஆகும், ‘குளச்சல்’ குளச்சலில் ஆகும், ஆனால் ‘மார்த்தாண்டம்’ மார்த்தாண்டத்தில் ஆகணும். நிரல் ‘மார்த்தாண்டம்இல்’ என்று அச்சடிக்கும். சரி செய்ய ஒரே எளிய வழி, வாக்கியத்தில் செருகாமல் ‘இடம்: மார்த்தாண்டம்’ என்று தலைப்பும் விபரமுமாகப் படிவத்தை வடிவமைப்பது. ஆங்கிலப் படிவத்தை முதலில் செய்து பிறகு மொழிபெயர்க்கிற வரை இந்தத் தொல்லை தீராது.

குழித்துறைக்காரன்

நன்றி மக்களே, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. வேலைவாய்ப்பில் வெல்ஷ் தெரியாதவனுக்கு அநியாயம் என்று எதிர்த் தரப்பு நிச்சயம் கேட்கும். அதற்கு? மலையாளக் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

பழைய கோப்பு

எல்லா வேலைக்கும் வெல்ஷ் கட்டாயம் என்பது தப்பான செய்தி. காலியிடம் வரும்போது அந்த இடத்துக்கு வெல்ஷ் அவசியமா, சேர்ந்த பிறகு கற்றால் போதுமா, இருந்தால் நல்லதா, தேவையே இல்லையா என்று மதிப்பிட்டு எழுதி வைக்கணும். வரவேற்பு மேசைக்கு அவசியம், கணக்குப் பிரிவுக்குத் தேவையில்லை என்று வரலாம். எது ‘அவசியம்’ என்பதில்தான் சண்டை, அது உண்மையான சண்டையும்கூட. நம் டிஎன்பிஎஸ்சி-யில் 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தகுதித் தாளில் 40% எடுக்கணும், எந்தப் பதவியானாலும் ஒரே கோடு. இங்கே தமிழ் பெரும்பான்மை மொழி, அதனால் அது செல்லும். வேல்ஸில் அப்படிச் செய்தால் ஆள் கிடைக்காது.

நீதிமன்றத்தையும் கேட்டாலும் கேட்பார்கள். வேல்ஸ் நீதிமன்றத்தில் யாரும் வெல்ஷில் பேசலாம், ஆனால் ஜூரிகள் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள்) குலுக்கல் முறையில் வருவதால் எல்லோருக்கும் வெல்ஷ் தெரிந்திருக்காது. மொழிபெயர்ப்பாளர் காதில் ஓதுவதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

களியக்காவிளை

அண்ணாச்சி, வேல்ஸைத் தமிழோடு ஒப்பிட்டால் ஒட்டாது. தமிழ் இங்கே சிறுபான்மை மொழி இல்லை. விளவங்கோடு பக்கத்து மலையாளத்தோடு, அல்லது எல்லைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழோடு ஒப்பிடுங்கள், அப்போதுதான் பாடம் கிடைக்கும். அதற்கு இந்தியாவிலேயே விதி இருக்கிறது. 1956-ல் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க வசதி செய்யச் சொல்கிறது. அளவுகோல் அதற்கும் முந்தியது: ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது பள்ளி முழுக்க 40 பிள்ளைகள் இருந்தால் தாய்மொழி ஆசிரியர். அலுவலக அறிவிப்புக்கு ஒரு பகுதியில் 15 முதல் 20% பேர் அந்த மொழி பேசணும் என்று ஒன்றிய அரசின் 1956 குறிப்பாணை. இதெல்லாம் எண்ணிக்கை வந்தால், கேட்டால் கிடைக்கும் வகை. வேல்ஸ் வைத்த ‘கேட்காமலே கொடு’ இங்கே இல்லை, அபராதம் போடுகிற ஆணையரும் இல்லை. சிறுபான்மை மொழி அதிகாரி அறிக்கைதான் எழுதலாம்.

மனு மட்டும் தனி. 350-ன்படி குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்குகிற எந்த மொழியிலும் கொடுக்கலாம். மலையாளத்தில் எழுதினது என்று திருப்பித் தர முடியாது. மேலே ‘பிரிவு 350-ன் கீழ்’ என்று ஒரு வரி எழுதி, நகலில் சீல் வாங்குங்கள். பதிலும் மலையாளத்தில் வரும் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. வேல்ஸுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி சரியாக அந்த இடம்தான்.

கடைசியாக ஒன்று, இந்த மாவட்டத்துக்கே உரியது. 1956-க்கு முந்தின மலையாள ஆதாரத்தை (நிலப் பத்திரத்தை) மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது தேதியைப் பாருங்கள். அதில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக்கணக்கு. சிங்கத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் ஆண்டு பிறக்கிறது. அப்போதிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரியிலிருந்து 825. 1120 மீனம் (மார்ச்-ஏப்ரல்) என்றால் 1945, 1120 சிங்கம் என்றால் 1944. எல்லாவற்றுக்கும் 825 என்று கூட்டிவிட்டால் மூல ஆதாரமும் பின் ஆதாரமும் ஓராண்டு முன்பின்னாக நிற்கும், வில்லங்கத்தில் தேடினால் அந்த எண் கிடைக்காது.