மகப்பேறு விடுப்பில் என் வரி கிரெடிட்டைக் கணவருக்கு மாற்ற முடியுமா? (அயர்லாந்து, 2025)

மதுரைப்பெண்: டப்ளினில் இருக்கிறோம். குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. விடுப்பில் என் அலுவலகம் சம்பளம் தருவதில்லை. அரசு தரும் வாரம் 289 யூரோ மட்டும்தான். கணவர் சம்பளத்தில் ஒரு பகுதிக்கு 40 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். என் கிரெடிட் (வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) சும்மா கிடக்கிறதே, அவருக்கு மாற்றலாமா? வாடகை கட்டும் நாள் நெருங்குகிறது. தயவுசெய்து சொல்லுங்கள்.

கார்க் செல்வம்: வாழ்த்துகள் சகோதரி. நான் வந்த புதிதில் பிபிஎஸ் எண் (அரசு தரும் தனிநபர் எண்) தாமதமாகி, எமர்ஜென்சி டாக்ஸில், அதாவது விவரம் பதிவாகும்வரை பிடிக்கும் கூடுதல் வரியில், சம்பளம் கரைந்துபோனது. கடன் வாங்கித்தான் வாடகை கொடுத்தேன். முதலில் பேஸ்லிப்பில் எமர்ஜென்சி என்று இருக்கிறதா பாருங்கள்.

காவேரி: அவர் கேட்டது அதுவல்ல அண்ணா. அரசு தரும் தொகைக்கு வரியே கிடையாது சகோதரி. எல்லாவற்றையும் கணவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

லிம்ரிக் அப்பா: தவறு. 2013 ஜூலையிலிருந்து அதற்கு வருமான வரி உண்டு. யுஎஸ்சி என்ற கூடுதல் வரியும் பிஆர்எஸ்ஐ என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும்தான் இல்லை. பணியாளர் கிரெடிட் 2,000 யூரோவை மாற்றவே முடியாது, அது அவரவருக்கு உரியது. எதையும் தொடாதீர்கள். ஆண்டு முடிந்ததும் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவார்கள்.

காவேரி: அதுவரை கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது? ஊரில் என்றால் அம்மா வீட்டில் இருந்திருப்பார்.

கார்க் செல்வம்: இதற்கே இப்படி என்றால், கிரெஷ் (குழந்தைகள் காப்பகம்) தேடும்போது தெரியும். மனைவி கருவுற்றிருந்தபோதே பெயர் கொடுத்தோம், இன்னும் இடமில்லை.

மேனூத் தாமரை: கிரெஷ் பேச்சு பிறகு. மதுரைப்பெண், திருமணம் எப்போது நடந்தது? ரெவென்யூவுக்கு (வரித்துறைக்கு) தெரிவித்தீர்களா? கணவர் சம்பளம் எவ்வளவு?

மதுரைப்பெண்: 2022இல் மதுரையில். தெரிவித்ததாக நினைவில்லை அக்கா. அவருக்கு ஆண்டுக்கு 62,000.

மேனூத் தாமரை: முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நீங்கள் சொல்லாதவரை இருவரையும் தனியாளாகவே கணக்கிடுவார்கள். தனியாளுக்கு 44,000 வரைதான் 20 சதவீதம். கூட்டு மதிப்பீட்டில், அதாவது கணவன் மனைவிக்குச் சேர்த்து வரி கணக்கிடும்போது, ஒருவர் 53,000 வரை எடுத்துக்கொள்ளலாம். அந்த 9,000 யூரோவுக்கு 40க்குப் பதில் 20 சதவீதம் என்றால், ஆண்டுக்கு 1,800 யூரோ மிச்சம். தம்பதியருக்கான 4,000 யூரோ கிரெடிட்டில் நீங்கள் பயன்படுத்தாத பங்கும் அவருக்குப் போகும். உங்கள் பணியாளர் கிரெடிட் மட்டும் உங்களிடமே இருக்கும். லிம்ரிக் அப்பா சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இன்றே ரெவென்யூவின் இணையதளமான மை அக்கவுண்டில் நுழைந்து, திருமணத் தேதியையும் இருவரின் பிபிஎஸ் எண்களையும் கொடுத்து, கூட்டு மதிப்பீட்டைக் கேளுங்கள். பிறகு கிரெடிட்டையும் 20 சதவீத வரம்பையும் எப்படிப் பிரிக்க வேண்டும் என்று குறிப்பிடுங்கள். கணவரின் அலுவலகத்துக்குப் புதிய விவரத்தை ரெவென்யூவே அனுப்பிவிடும். அடுத்த சம்பளத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். முந்தைய ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியிருந்தால், 4 ஆண்டுகளுக்குள் கேட்கலாம் என்பதால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

வேலைக்குத் திரும்பும் மாதத்துக்கு முன்பே உங்கள் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் சம்பளத்திலேயே வரி அதிகமாகப் பிடிபடும்.